கழுத்தில் இறகில்லாதது

மனைவியின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், கோழிக்குஞ்சைத் தூக்குவது, திருட்டு முழி முழிக்கிறவனைப் பிடித்து விசாரிப்பது போல இருக்கும். இடது கையில் இரண்டு காலும் அகப்பட்டிருக்க, வலது கை கழுத்து இறகை ஒதுக்கிப் பார்க்கும். "நுனி ஊசியா இருக்கு. சேவல்." அது கூடைக்குள் போனது. அடுத்தது. "இது வட்டமா இருக்கு. பெட்டை, வச்சுக்கோங்க."

ஐந்து குஞ்சுகளை அவர் எங்களிடம் கொடுத்தபோதே பேச்சு அதுதான். பெட்டை எங்கள் முட்டைக்கு, சேவல் அவர் வீட்டுக் குழம்புக்கு. நானும்தான் தலையாட்டினேன். அப்போது எல்லாம் ஒரே மாதிரிப் பஞ்சு உருண்டை. தலை நரைத்த பிறகு எழுத்துப் படித்த எனக்கு லகரமும் ளகரமும் எப்படியோ, அப்படித்தான் அவற்றில் சேவலும் பெட்டையும்.

இரண்டு கூடைக்குள், இரண்டு கொல்லையில். மிச்சம் இருந்தது என்னுடையது. விடியுமுன் போய் மூட்டை தூக்கிவிட்டு, மதியம் வந்து துண்டைப் போர்த்திப் படுத்தால், உள்ளே நுழைந்து விலாவோடு ஒட்டிக்கொண்டு தூங்கும். இடுப்பு வலிக்கு அந்தச் சூட்டைப் போல ஒரு தைலம் கிடையாது. அது நசுங்கிவிடுமோ என்று நான் புரண்டுகூடப் படுப்பதில்லை.

"இதுதான் வம்பு பிடிச்சது," என்றார் அண்ணி. கழுத்தறுத்தான் இனம். நுனியைப் பார்க்கக் கழுத்தில் இறகே இல்லை. கொண்டைச் சிவப்பைப் பார்க்கலாமென்றால் கழுத்து முழுக்கவே சிவப்பு.

"பெட்டைதான் அண்ணி. நடையே சொல்லுதே."

"நீங்க சும்மா இருங்க தம்பி. அந்தத் துண்டைக் குடுங்க."

துண்டை மேலே வீசினால் பருந்து என்று பெட்டை பதுங்கும், சேவல் நிமிர்ந்து நிற்கும். இது அவர் கணக்கு. வீசினார். இரண்டு பெட்டைகளும் தரையோடு தரையாகின. என்னுடையது அண்ணாந்து பார்த்து நின்றது. துண்டு அதன்மேலேயே விழுந்தது. உள்ளே ஒரு மேடு அசைந்து, வசதியாக உட்கார்ந்தது.

"சேவல்!"

"அதெப்படி? அது அதோட போர்வை அண்ணி. அவங்கவங்க போர்வையைப் பாத்து யாராவது பயப்படுவாங்களா?"

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "அதுவும் நியாயந்தானேக்கா. உன் குடையை விரிச்சுப் பாரு."

குடை படாரென்று விரிந்தது. குஞ்சு அலறிக்கொண்டு ஓடிவந்து என் கால்களுக்கு நடுவே பதுங்கியது. நானும் ஓரடி பின்னால் போயிருந்தேன்.

"தம்பியும் பெட்டைதான் போல," என்று அண்ணி வயிறு குலுங்கச் சிரித்தார். "சரி, வச்சுக்கோங்க."

கூடையோடு அவர் வாசலுக்குப் போனார். எனக்கு மூச்சு வந்தது. கழுத்தறுத்தான் துணி துவைக்கும் கல்லில் ஏறியது. நெஞ்சை நிமிர்த்தி, சிவப்புக் கழுத்தை நீட்டி, துருப்பிடித்த கீல் போல ஒரு சத்தத்தைத் தொடங்கியது. அது முடியுமுன் மனைவி கையிலிருந்த குண்டானைத் தரையில் போட்டாள்.

"என்னடி அங்க?" அண்ணி இன்னும் வாசலில்தான் கூடைக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லக்கா, குண்டான் வழுக்கிடுச்சு!"

தன் குரலுக்குத் தானே மிரண்ட குஞ்சு, அது பிடித்துப்போனது போல மறுபடி கழுத்தை நீட்டியது. மனைவி அதன்மேலிருந்து கண்ணை எடுக்காமல் குனிந்து குண்டானை எடுத்தாள். நான் அதன் மூடியைத் தேடினேன்.