பூட்டாத தீர்மானம்

பெட்டியைக் கவிழ்த்துச் சீட்டுகளை எண்ணி முடித்தபோது புதிய தீயணைப்பு நிலையம் கட்டும் தீர்மானம் பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் தப்பிப் பிழைத்திருந்தது. வெர்னா பெல்கி எழுந்து முடிவைப் படித்தாள். பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக்கூடம் கைதட்டலில் அதிர்ந்தது. ஊர்க்கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறவள் கைதட்டக்கூடாது, முகத்தில் எதையும் காட்டக்கூடாது. இத்தனை வருடத்தில் வெர்னா அதில் கைதேர்ந்தவள். ஆனாலும் அன்றைக்கு அவளுக்கும் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. பழைய நிலையத்தின் உத்தரம் பனிப்பாரம் தாங்காமல் விரிசல் விட்டு, போன மாதம் அதில் ஒரு துண்டு அவள் மகன் லிண்டனின் தோளை உரசிக்கொண்டு விழுந்திருந்தது. அவன்தான் ஊரின் தீயணைப்புப் படைக்குத் தலைவன். சம்பளம் கிடையாது, ஊர்க்காரர்களே முறை வைத்துச் செய்கிற வேலை. அடுத்த குளிருக்கு முன் காலி செய்யாவிட்டால் கூரை நிற்காது என்று வந்து பார்த்த என்ஜினீயர் சொல்லிவிட்டார். அவர் சொன்னது கட்டடத்தைப் பற்றி. வெர்னாவின் காதில் அது மகனைப் பற்றித்தான் விழுந்தது.

இனி ஒரே ஒரு சடங்கு பாக்கி. நிறைவேறிய தீர்மானத்தைக் கூட்டம் கலைவதற்குள் மறுபடி ஓட்டுக்கு எடுக்கச் சொல்லலாம், ஆனால் ஒரு தடவைதான் என்பது அந்த ஊர்ச் சட்டம். அதனால் ஜெயித்தவர்களே சூட்டோடு சூடாக எழுந்து ‘மறுபடி எடுங்கள்’ என்று கேட்டு, தாங்களே கைதூக்கி அதைத் தோற்கடித்துவிடுவார்கள். பூட்டிவிட்டோம் என்பார்கள். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். அந்தப் பூட்டைப் போடத்தான் லிண்டன் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்திருந்தான். அப்போது கூடமெங்கும் படைக்காரர்களின் இடுப்பில் இருந்த அவசர அழைப்புக் கருவிகள் ஒரே நேரத்தில் அலறின.

“பாலத்துக்கிட்ட கார் உருண்டுருச்சாம். உள்ள ஆள் மாட்டியிருக்கு!”

அவ்வளவுதான். லிண்டனும் படைக்காரர்கள் இருபது பேரும் கோட்டை மாட்டிக்கொண்டே ஓடினார்கள். ஆம்புலன்ஸ் பெண்கள் பின்னாலேயே போனார்கள். நாற்காலிகளில் பெரிய பெரிய ஓட்டை விழுந்ததுபோல் ஆயிற்று.

“இந்தத் தீர்மானத்தைப் பத்தி யாருக்காவது எதாவது சொல்லணுமா?” என்று வெர்னா கேட்டாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டாள். பூட்டுங்கள் என்று அதற்கு மேல் குறிப்புக் காட்ட அவளுக்கு உரிமை இல்லை. ஜெயித்த பக்கத்தில் மிச்சம் இருந்தவர்கள் ஜன்னலில் முண்டியடித்து வண்டி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

கை தூக்கியவர் மெர்ல் ஹாஸ்கெல். மனைவியைப் பறிகொடுத்த கிழவர், அடுத்த வீட்டுக்காரர்.

“தலைவரம்மா, அந்தத் தீர்மானத்தை மறுபடி எடுக்கணும்னு கேக்குறேன்.”

“ஆமான்னு போட்டவங்கதான் அதைக் கேக்கலாம், மெர்ல்.”

“நான் ஆமான்னுதான் போட்டேன்.”

“நீயா? போன வருசம் ஒரு தெருவிளக்குக்கே தொண்டை கிழியக் கத்துன ஆளு!” என்றது பின்வரிசையில் ஒரு குரல். சிலர் சிரித்தார்கள்.

“ரகசிய ஓட்டுதானே. வேணும்னா பெட்டிக்குள்ள தலைய விட்டுத் தேடிப் பாரு.”

அப்பட்டமான பொய். ஆனால் ஒருவர் சொல்கிற ஓட்டை மற்றவர் பொய் என்று சொல்லக்கூடாது. மெர்லுக்கும் அது தெரியும்.

சமையலறைக் கதவைத் திறந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள். “வெர்னா, பீன்ஸ் வெந்துருச்சு. சாப்பாட்டுக்கு இடைவேளை விட்டுடேன்.”

விட்டிருக்கலாம். சாப்பாட்டு நேரத்தைச் சொல்வது தலைமையின் உரிமை. ஒரு மணி நேரத்தில் லிண்டனும் ஆட்களும் திரும்பிவிடுவார்கள். வெர்னா வாயைத் திறந்தாள்.

“அவங்க வர்ற வரைக்கும் இழுத்தடிக்கப் பாக்குறியா?” என்றார் மெர்ல். குரலில் கோபம் இல்லை. “நிலையம் கட்டுற கடனை இருபது வருசம் வீட்டு வரியில போட்டுப் பிடிப்பாங்க. உருளைக்கிழங்கு நிலத்தையெல்லாம் ஏற்கெனவே வரிக்கே வித்துட்டேன். நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த? இனி விக்கிறதுன்னா வீடுதான் இருக்கு, வெர்னா.”

கூடமே அவளைப் பார்த்தது. இதே மேடையில் எத்தனை பேர் சாக்குச் சொன்னபோது சட்டத்தைக் காட்டி உட்கார வைத்திருக்கிறாள். வெர்னாவிடம் எந்தச் சாக்கும் செல்லுபடியாகாது என்று ஊரே சொல்லும். அதைக் கேட்டு உள்ளுக்குள் பூரித்தவள்தான் அவளும். இப்போது அந்தப் பெயரை வெறுத்தாள். ஆனால் அதைக் கைவிடவும் அவளால் முடியவில்லை.

“கோரிக்கை முறையானதுதான். சாப்பாடு அப்புறம்” என்றாள்.

மறுபடி சீட்டு, மறுபடி பெட்டி. நிலையம் தோற்றது. நடுங்காத குரலில் அவளே அதைப் படித்தாள். இனி எடுக்க வழியில்லை. அடுத்த மார்ச்சில் ஊர்க்கூட்டம் மறுபடி கூடும் வரைக்கும் ஆட்கள் அந்த உத்தரத்தின் கீழ்தான் நிற்க வேண்டும்.

கூட்டம் பீன்ஸைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது லிண்டன் முழங்கால்வரை சேறும் பனியுமாக வந்தான். “ரெண்டு பேரையும் உசுரோட எடுத்துட்டோம்!” என்றான். மொத்தக் கூடமும் எழுந்து நின்று கைதட்டியது. வேண்டாம் என்று போட்டவர்கள்தான் பலமாகத் தட்டினார்கள். ஓட்டு மாறிப்போனதை அவனிடம் யாரும் எடுக்கவில்லை. மெர்ல் தன் நாற்காலியை அவனுக்குக் கொடுத்தார். இன்னும் தொடாத தன் தட்டையும் அவன் பக்கம் நகர்த்தி வைத்தார். குளிரில் விறைத்த விரல்களால் கரண்டியைப் பிடிக்க முடியாமல் லிண்டன் சிரித்தான். மெர்ல் குனிந்து, ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து அவன் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். லிண்டன் சாப்பிட்டுக்கொண்டே மேடையைப் பார்த்து அம்மாவிடம் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.