அட்வான்ஸ் இல்லாதவர்களுக்கு வீடு

என் கணவர் கதிர் வாங்கியிருந்த அட்வான்ஸைத் தள்ளுபடி செய்துவிட்டதாக, கருமாதிப் பந்தியில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார் பட்டறை முதலாளி நந்தகுமார். பள்ளிபாளையத்துத் தறிப்பட்டறைகளில் வேலைக்குச் சேரும்போதே முதலாளியிடம் ஒரு தொகை வாங்குவார்கள். அதைக் கட்டித் தீர்க்கும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. கதிர் அதைக் கட்டி முடிக்கவே இல்லை. மதிய ஷிப்டில் இரண்டு தறிகளுக்கு நடுவே மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். வேறொருவர் வந்து நிறுத்தும்வரை அவருடைய தறிகள் துணி நெய்துகொண்டுதான் இருந்தனவாம்.

தள்ளுபடி என்றதும் உறவினர்கள் நந்தகுமாரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். இலை எடுத்த பிறகு அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, பட்டறைக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த லைன் வீடு தறி ஓட்டுகிறவர்களுக்கு உரியது என்று நினைவுபடுத்தினார். மல்லசமுத்திரத்திலிருந்து ஒரு ஜோடி வரப்போகிறது. மாதக் கடைசியில் நான் காலி செய்துவிட வேண்டும். இல்லையென்றால் அனிதா தறிக்கு வரட்டும். வீடு எங்களுக்கே இருக்கும், புதிதாக அட்வான்ஸும் தருவார்.

என் மகள் அனிதா அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தறிக்கு விடுவதில்லை என்று நானும் கதிரும் அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே பேசி வைத்திருந்தோம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மறுநாளே வீடு தேட ஆரம்பித்தேன்.

நான் அதே பட்டறையில் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். தறியில் ஓடும் நாடா என்ற கட்டைக்குள் வைக்கிற சிறு நூல்கண்டுதான் தார். அந்தக் கூலியில் ஒரு சின்ன வீட்டுக்கு வாடகை கட்டிவிட முடியும். வீட்டு அட்வான்ஸுக்குத்தான் வழியில்லை. போன இடமெல்லாம் பத்து மாத வாடகையை முன்னாலேயே கேட்டார்கள். புருஷன் போய் ஒரு மாதம்கூட ஆகாதவள் என்று தெரிந்ததும், போர்டு தொங்கிய வீடே காலி இல்லாத வீடானது.

மகளிர் குழுவில் கேட்டேன். மாடு வாங்கவும் கடை வைக்கவும்தான் கடன், வீட்டு அட்வான்ஸுக்கு இல்லை என்றார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஈரோட்டில் ஒரு டிரஸ்ட்டில் அரிசியும் போர்வையும் கொடுத்தார்கள். நாமக்கல்லில் திங்கட்கிழமை மனு வாங்குகிற இடத்தில் ஒரு அலுவலர் பொறுமையாகத்தான் பேசினார். விதவை உதவித்தொகைக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னார். அரசாங்கக் குடியிருப்பில் கேட்கலாம், ஆனால் அதற்கும் பயனாளி பங்கு என்று முதலில் ஒரு தொகை கட்ட வேண்டும் என்றார். அயோத்தியாப்பட்டணத்தில் இருக்கும் என் அண்ணன் வந்து இருந்துகொள்ளச் சொன்னார். அவர் சொல்லி முடிக்கும்வரை அண்ணி அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னோடு தார் சுற்றியவள் ஷஹர்பானு. தறிச் சத்தத்தில் நாங்கள் பாதியைக் காதாலும் பாதியை உதட்டைப் பார்த்தும்தான் பேசுவோம். ஒருநாள் அவள் என் பக்கம் குனிந்து, தான் குடியிருக்கும் வரிசையில் ஒரு வீடு காலியாகிறது என்றாள்.

"மொய்தீன் பாய் ஊடுக்கா. அட்வான்ஸ் இல்லாதவங்களுக்குத்தான் தருவாரு."

கையில் இருந்த தாரை விட்டுவிட்டேன். அட்வான்ஸ் இல்லாமல் வீடு தரும் மனிதர் ஒருவர் இந்த ஊரில் இருக்கிறாரா என்று இரண்டு முறை கேட்டேன். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். அன்றைக்கே மொய்தீனுக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். அவர் வாடகையைச் சொன்னார். எத்தனை பேர் என்று கேட்டார். கடைசியாக, "அட்வான்ஸ் ஒண்ணும் இல்லீல்லம்மா?" என்றார். இல்லீங்க பாய் என்றேன். அப்படியானால் மாதக் கடைசியில் வந்துவிடச் சொன்னார்.

குட்டியானை வண்டி ஓட்டும் மதன் கடைசி நாள் காலையில் வந்தான். கட்டில், பீரோ, பாத்திரங்கள், அனிதாவின் புத்தக மூட்டை. "பீரோவக் காட்டியும் பொஸ்தகந்தான் கனமா இருக்குது" என்று அவளைச் சீண்டிக்கொண்டே ஏற்றினான். நாங்கள் கிளம்பும்போதே மல்லசமுத்திரத்து ஜோடி சுருட்டிய பாயோடு வாசலில் நின்றது. அந்தப் பெண் வயிற்றுப்பிள்ளைக்காரி. அவளுக்கு வழிவிட்டுவிட்டு வண்டியில் ஏறினேன்.

மொய்தீன் சாவியோடு காத்திருந்தார். வயதானவர், பேச்சில் அவசரமே இல்லை. கதவைத் திறந்துவிட்டு, குழாயில் தண்ணீர் எப்போது வரும், குப்பையை எங்கே போட வேண்டும் என்றெல்லாம் சொன்னார். மதன் பீரோவை இறக்கி வாசலில் வைத்துவிட்டுக் கட்டிலைத் தூக்கினான்.

"வாடகை அஞ்சாந்தேதிக்குள்ள குடுத்துருங்க. ஊட்டு அட்வான்ஸு இப்பத் தர்றீங்களா, பொழுதோட வந்து வாங்கிக்கட்டுமா?"

எனக்குப் புரியவில்லை. அட்வான்ஸ் இல்லாதவங்களுக்குத்தான் ஊடுன்னாங்களே பாய் என்றேன்.

"ஆமா. பட்டறை அட்வான்ஸு."

அவர் விளக்கினார். முன்பு குடியிருந்த ஒருவன் பட்டறையில் அட்வான்ஸ் வாங்கிவிட்டு வேறு இடத்துக்கு வேலைக்குப் போயிருக்கிறான். முதலாளியின் ஆட்கள் வந்து கதவை உடைத்து, பக்கத்து வீட்டுச் சாமானையும் சேர்த்து அள்ளிப் போயிருக்கிறார்கள். அதிலிருந்து பட்டறை அட்வான்ஸ் இருக்கிறவர்களுக்கு அவர் வீடு தருவதில்லை. அதைத்தான் போனில் கேட்டிருக்கிறார்.

மதன் கட்டிலைத் தோளில் வைத்தபடி நின்றான். "எறக்கட்டுங்களா, ஏத்தட்டுங்களா? பவானில இன்னொரு லோடு இருக்குதுங்க."

எங்கே ஏற்றச் சொல்வது?

அந்த நேரத்தில்தான் நந்தகுமார் பைக்கில் வந்து நின்றார். லைன் வீட்டுச் சாவி என் இடுப்பிலேயே வந்துவிட்டது. அதைக் கேட்டு வந்தவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். மதனிடம் விசாரித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"எவ்வளவுங்க பாய்? ஜிபே நம்பர் சொல்லுங்க, போட்டுடறேன்." என் பக்கம் திரும்பினார். "புள்ளையத் திங்கக்கெழமையிலிருந்து அனுப்பிரும்மா. பரீட்சையெல்லாம் எங்கியும் ஓடிராது."

மொய்தீன் நம்பர் சொல்லவில்லை. "நீங்க குடுத்தா அது எந்த அட்வான்ஸுங்க?" என்றார்.

நந்தகுமார் சிரித்தார். "பணத்துல என்னங்க பாய் ரெண்டு?"

"அப்படின்னா இந்தம்மாவுக்கு எங்கிட்ட ஊடு இல்லீங்க."

அதனால் ஒன்றும் குறைந்துவிடாது, பட்டறைக்குப் பின்னால் நூல் மூட்டை போடும் அறையை ஒதுக்கித் தருகிறேன் என்றார் நந்தகுமார். அனிதா என் முந்தானையைப் பிடித்தாள். "போயிரலாம்மா. நான் தறிக்குப் போறேன்." குரலில் அழுகை இல்லை. ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவள் போலப் பேசினாள். எனக்குப் பயம் தந்தது அதுதான். தெருவில் பீரோ நின்றது. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

வரிசையின் கடைசி வீட்டிலிருந்து ஷஹர்பானு ஈரக் கையோடு வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். தான்தான் விவரமாகச் சொல்லாமல் விட்டதாக மொய்தீனிடம் சொன்னாள்.

"என்ற ஊட்டு அட்வான்ஸு உங்ககிட்டக் கெடக்குதுல்லீங்க பாய். அதை ரெண்டு ஊட்டுக்கும் வச்சுக்குங்க."

மொய்தீன் தாடியைத் தடவிக்கொண்டார். அது அவள் மகன் ஷாருக் லாரிக்குப் போய்ச் சேர்த்த பணம் என்று அவருக்கும் தெரியும். ஒருவர் வாடகை நின்றாலும் இரண்டு வீட்டையும் காலி செய்யச் சொல்வேன், சம்மதமா என்று கேட்டார்.

ஷஹர்பானு தன் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாள். கொடியில் ஷாருக்கின் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. வேண்டாம் என்று நானே சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை.

"சம்மதந்தாங்க" என்றாள். பிறகு என்னிடம், "வாடகை நின்னுச்சுன்னா பாய் வாறதுக்கு முன்னால நான் வந்து நிப்பேன் பாத்துக்க."

நந்தகுமார் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு கையை நீட்டினார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

"நாளையிலிருந்து ரெண்டு பேரும் தார் சுத்த வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டு பைக்கைத் திருப்பினார்.

மொய்தீன் அவர் போன திசையைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வாரோ என்று பயந்தேன். அவர், "அஞ்சாந்தேதி" என்று மட்டும் சொல்லி அனிதாவின் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மதன் கட்டிலை இறக்கிவிட்டு வண்டியை எடுத்தான். பீரோவின் ஒரு முனையை ஷஹர்பானுவும் மறுமுனையை நானும் பிடித்தோம். அது வாசற்படியில் இடித்து நின்றது. சாய்த்தோம், திருப்பினோம். நடுவில் அவள், ஆவாரங்காட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் தார் சுற்ற ஆள் கேட்டார்கள், ஆனால் ஒருத்திக்குத்தான் வேலை என்றாள். எத்தனை மணிக்குப் போனால் முதலாளியைப் பார்க்கலாம் என்று கேட்டேன். ஆறு மணிக்கே போய்விடுவோம், இரண்டு பேரையும் எடுக்கச் சொல்லிக் கேட்போம் என்றாள். உள்ளேயிருந்து அனிதா இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்று சொல்ல, மறுபடியும் தூக்கினோம்.