பக்கத்துக்குப் பக்கம் கார்குழலி

கார்குழலியின் எம்.ஃபில். ஆய்வேட்டுக்குப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்ட தலைப்பு இது: 'வடசென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புடன் இடைநின்ற மாணவர்களின் சமூக, பொருளாதார, குடும்பச் சூழல்கள்: ஓர் ஆய்வு.' ஒரே மூச்சில் சொல்லி முடித்தால் தண்ணீர் குடிக்க வேண்டும். இதைச் சுருக்கி, ஒரே வரியில், எல்லாப் பக்கத்தின் உச்சியிலும் போட்டுவரும்படி வழிகாட்டி ஞானபாக்கியம் மேடம் சொல்லியிருந்தார். இருபத்தைந்து எழுத்துக்கு மேல் போகக் கூடாது. அது விதி.

மூன்று நாளாக அவள் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். ஒரு சொல்லையும் எடுக்க மனம் வரவில்லை. 'சமூக'வை எடுத்தால் கொருக்குப்பேட்டை வெயிலில் வீடு வீடாக அலைந்த இரண்டு மாதம் போய்விடும். 'குடும்ப'த்தை எடுத்தால் பதில் சொன்ன நாற்பது தாய்மார்கள் கோபித்துக்கொள்வார்கள்.

அவள் புருஷன் பகலவனுக்குத் தண்டையார்பேட்டையில் பாத்திரக் கடை வாசலில் பேர் வெட்டும் வேலை. டம்ளர், குடம், தூக்கு எதுவானாலும் கரண்ட் மிஷினைப் பிடித்துக் கிர்ரென்று எழுத்து எழுத்தாகப் புள்ளி வைப்பான். மூன்றாம் நாள் பென்சிலை அவள் கையிலிருந்து பிடுங்கினான்.

"இன்னா டீச்சரம்மா, இதுக்கா மூணு நாளு? ஒரு வம்சத்தையே எய்திகினு வந்து சின்ன டம்ளர நீட்றானுங்க. நான் வெட்டித் தர்ல? ஓர் ஆய்வுன்றியே, பின்ன ரெண்டு ஆய்வா பண்ண? அட்ச்சுடு."

"எல்லாரும் அப்படித்தான்யா போடுவாங்க."

"எல்லாரும் போட்டா அது எதுக்கு? வடசென்னை, உள்ள கீதுல்ல? அட்ச்சுடு. சமூகம், பொருளாதாரம், அத்தினியும் உள்ள கீது. அட்ச்சுடு." கடைசியில் மூன்று சொல்தான் மிஞ்சியது: ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள்.

அவள் எண்ணிப் பார்த்தாள். பதினாறு எழுத்து. நன்றாகத்தான் இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.

"நானும் அஞ்சாவதோட நின்னவன்தான். எம் பேர ஆராய்ச்சில சேத்துகினியா?" என்றான்.

"நீ மூணு தடவ நின்னவன். உனக்குத் தனிப் புஸ்தகம் போடணும்."

அந்த வாரம் அவளுக்குப் பள்ளியில் பரீட்சை வேலை. ராயபுரத்தில் ஸ்டானிஸ்லாஸ் நடத்திய டி.டி.பி. கடைக்குத் துண்டுச் சீட்டோடு பகலவனே போனான். வேலையை முடித்து, நான்கு படி ஜெராக்ஸும் எடுத்து, நூல் கட்டிக் கொண்டுவந்து வைத்தான். வெள்ளிக்கிழமை காலை அவள் பிரிக்கக்கூட நேரமில்லாமல் கட்டோடு மேடத்திடம் ஓடினாள். அன்று மாலை ஐந்து மணிதான் கடைசிக் கெடு. ஏற்கெனவே இரண்டு முறை தள்ளி வாங்கியாயிற்று. இந்த முறை தவறினால் பதிவே ரத்து. மூன்று வருட உழைப்பு மண்.

மேடம் முதல் பக்கத்தைப் பார்த்தார். பத்தாம் பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"கார்குழலி, இது ஆய்வேடா, கல்யாணச் சீர்க் குடமா?"

எல்லாப் பக்கத்திலும் சுருக்கத் தலைப்புக்கு மேலே, தனி வரியில், 'ப. கார்குழலி, தண்டையார்பேட்டை' என்று இருந்தது.

"முகப்புல ஒரு தடவை பேர் வந்தாப் போதும். பக்கத்துக்குப் பக்கம் கூப்பிட்டுக்கிட்டே இருக்கணுமா? எடுத்துட்டு வாங்க. இதோட வாங்க மாட்டாங்க."

ஸ்டானிஸ்லாஸின் கடை பூட்டிக் கிடந்தது. அக்கா மகள் கல்யாணத்துக்குத் தூத்துக்குடி போயிருக்கிறானாம். ஆய்வேடு அவன் கம்ப்யூட்டருக்குள். அங்கிருந்து பாத்திரக் கடைக்கு அவள் வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. பகலவன் ஒரு அண்டாவின் கழுத்தைக் கட்டிப்பிடித்து வெட்டிக்கொண்டிருந்தான்.

"யோவ், எம் பேர யாருய்யா போடச் சொன்னது?"

அவன் மிஷினை நிறுத்தினான். "இன்னாமே கொயலி, அத்தச் சொல்லத்தான் நெனச்சேன். அந்தப் பையன் ஒரு தபா அட்ச்சான், நூத்தி முப்பது பக்கத்திலயும் வந்து குந்திக்கிச்சு. ஒரே தபா. நானு ஒரு எய்த்துக்கு எத்தினி புள்ளி வெக்கிறேன். சும்மா வர்றப்ப வுட முடியுமா? பேர் இல்லாத சாமான் பக்கத்து வூட்டு சாமான்."

"இன்னிக்கு அஞ்சு மணிக்கு எம் பேரே இருக்காது. அதையும் நீயே வெட்டிக்கோ."

அவன் முகம் மாறியது. அண்டாவை அப்படியே வைத்துவிட்டு ஒரு பக்கத்தை உருவினான். அளவு பார்த்த கண். "பேரு மேல தனியா கீது. அதுக்குக் கீழதான் தலப்பு. உச்சிய அரை இன்ச் சீவிட்டா?"

பாரிமுனைச் சந்தில் பைண்டர் ராசையாவிடம் பெரிய கத்தி இருந்தது. அவர் பைண்டு செய்ததும் நான்கு படியையும் வரிசையாகக் கத்திக்குக் கொடுத்தார்கள். சரக், சரக்கென்று உச்சி இறங்கியது. கார்குழலி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது ஆய்வேடு கொஞ்சம் குள்ளமாக, முடி வெட்டிய பிள்ளை மாதிரி இருந்தது. மேடம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நாலே முக்காலுக்குப் பல்கலைக்கழக அலுவலகம். எழுத்தர் எத்திராஜ் ஆய்வேடுகளின் அடுக்கின் மேல் அவளுடையதை வைத்தார். அது அரை அங்குலம் உள்ளே போயிருந்தது. அவர் மர ஸ்கேலை எடுத்தார்.

"மேல் விளிம்புலேருந்து எழுத்து ஒன்றரை இன்ச்ல ஆரம்பிக்கணும். தெரியும்ல?"

அவள் தலையாட்டினாள். பகலவன் அவருடைய ஸ்கேலையே பார்த்துக்கொண்டிருந்தான். எத்திராஜ் அளந்தார். இன்னொரு பக்கம் அளந்தார். அடுக்கில் வேறொருவரின் ஆய்வேட்டையும் எடுத்து அளந்தார்.

"எல்லாரும் ஒண்ணே காலு, ஒண்ணே முக்கால்னு வெச்சிருக்காங்க. உங்க ஒருத்தரோடதுதான் நூல் பிடிச்ச மாதிரி இருக்கு," என்று முத்திரை குத்தினார்.

வாசலுக்கு வந்த பிறகுதான் அவளுக்குக் கணக்கு விளங்கியது. பேருக்கு இடம்விட ஸ்டானிஸ்லாஸ் எழுத்தையெல்லாம் அரை அங்குலம் கீழே தள்ளியிருக்கிறான். அதைத்தான் கத்தி எடுத்திருக்கிறது.

"பாத்தியா, அப்பவே தெரியும் எனக்கு," என்றான் பகலவன்.

"உனக்குத் தெரியும். வாய மூடினு வா."

பஸ்ஸில்தான் அவன் மடியிலிருந்த மஞ்சள் பையைப் பார்த்தாள். உள்ளே ராசையாவின் கத்தி சீவிப்போட்ட துண்டுகள். ஐந்நூறு சொச்சம். ஒவ்வொன்றிலும் ப. கார்குழலி, தண்டையார்பேட்டை.

"இத எதுக்குய்யா தூக்கினு வர?"

"பேர் எய்திக்கீதே. குப்பைல போடச் சொல்றியா?"

மறுநாள் மைதாப் பசை காய்ச்சினான். ஊறுகாய் ஜாடி, குடைப் பிடி, டிபன் கேரியர், டி.வி. ரிமோட் எல்லாவற்றிலும் அவள் பேர் ஏறியது. எதிர் வீட்டுத் தாயம்மா இரவல் வாங்கிய சல்லடையைத் திருப்பிக் கொடுக்கும்போது, "உம் புருசன் நெத்தில ஒண்ணு ஒட்டி வுடு, அதான் பாக்கி," என்றாள். தன் வெட்டு மிஷினிலும் ஒன்றை ஒட்டியிருந்தான். அது எதற்கு என்று கேட்டதற்கு, அதுவும் உன்னுதுதானே என்றான்.

அவன் போய்ச் சேர்ந்து இது நான்காவது வருடம். பையில் இன்னும் முப்பது நாற்பது துண்டு இருக்கிறது. புதிதாக ஏதாவது வாங்கினால் கார்குழலி ஒன்றை எடுத்து ஒட்டுகிறாள். காகிதம் பழசு, ஓரம் சுருண்டு எழும்பும். பசை காயும்வரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.