இடது தோள்

ரோசலிக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் இருந்தது.

"ரெண்டாவது குண்டுக்கு நான் எதையும் பிடிச்சு இழுக்கக் கூடாது. விரல மட்டும் அசைச்சாப் போதும்னு இருக்கணும்," என்றாள்.

வெர்னா தலையாட்டினாள். தீவனக் கடையின் பின்கட்டில் இருபத்தாறு வருஷமாகத் துப்பாக்கி விற்கிறவள் அவள். ஒரு கால் சற்று விந்தும், வாய் விந்தாது. வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் காப்பி, பிறகு வம்பு, அதற்கப்புறம்தான் வியாபாரம். இன்று காப்பியோடு நிறுத்திக்கொண்டாள். ரோசலியின் புருஷன் எப்படிச் செத்தான் என்பது லவாக்கா ஆற்றின் இரு கரைக்கும் தெரியும்.

பதினான்கு மாதத்துக்கு முன்னால், அறுவடைக்கு விட்டுவைத்த சோளக்காட்டில், விடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். எர்வின் ஒரு ஆண் பன்றியைச் சுட்டான். அது அடிபட்டுச் சோளத்துக்குள் போய்விட்டது. அடிபட்ட பன்றியை அப்படியே விடக்கூடாது என்று இவன் உள்ளே போனான். பன்றி திரும்பி வந்தது. ரோசலி வரப்பில் நின்றிருந்தாள், கையில் எர்வினின் அப்பா காலத்துத் துப்பாக்கி. ஒவ்வொரு குண்டுக்கும் பக்கத்துக் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி அடைக்க வேண்டிய ரகம். முதல் குண்டு எங்கோ போயிற்று. இரண்டாவதற்குக் கைப்பிடியை இழுத்தவள் பாதியில் சிக்கவைத்துக்கொண்டாள். அதைச் சரிசெய்து நிமிர்வதற்குள் பன்றி அவன் தொடையைக் கிழித்துவிட்டுப் போயிருந்தது. ஆம்புலன்ஸ் வரும்போது எர்வினுக்கு அது தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து ரோசலி அழவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனாள், மகன் ஹூஸ்டனிலிருந்து போன் செய்தால் நன்றாக இருக்கிறேன் என்றாள். பொய்யும் இல்லை. எதுவும் வலிக்கவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால்போல மனசு கிடந்தது. அது என்னுடையதுதானா என்று தொட்டுப் பார்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"உன் தப்பில்லம்மா" என்று ஊரே சொன்னது. சொல்லிவிட்டு வாசலைத் தாண்டியதும், "பத்து கஜத்துல நின்ன பன்னிய விட்டுட்டாளே" என்றும் அதே ஊர்தான் சொன்னது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? அவள் காதிலும் விழுந்தது. அவள் மறுக்கவில்லை. பத்து கஜம்தான். அவளே மறுநாள் போய் அடியால் அளந்து பார்த்திருந்தாள்.

அவளோடு கடைக்கு வந்திருந்தவன் மில்டன், எர்வினின் தம்பி. அடுத்த நிலம் அவனுடையது. வேலி அறுந்தால் வந்து கட்டுவான், வைக்கோல் இறக்கிக் கொடுப்பான். ஆனால் பதினான்கு மாதமாக அண்ணியின் சமையலறைக்குள் கால் வைக்கவில்லை. முற்றத்தில் நின்றே பேசிவிட்டு வண்டியேறிவிடுவான். ஏன் என்று அவள் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை. இப்போது பன்றிக்கூட்டம் இரண்டு பேர் நிலத்தையும் உழுது போடுகிறது, அதனால் வந்திருக்கிறான்.

வெர்னா மூன்று துப்பாக்கிகளை எடுத்து மேசைமேல் விரித்திருந்த பச்சைத் துணியில் வைத்தாள். மூன்றையும் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று விரல் விட்டுப் பார்த்து, அவர்களுக்கும் காட்டினாள்.

"மூணும் ஒரே சாதிதான். விசைய இழுத்தா ஒண்ணு போகும், காலிக் கூட்ட அதுவே வெளிய துப்பிட்டு அடுத்தத அதுவே ஏத்திக்கும். உனக்கு இழுக்குற வேலையே கெடையாது. எது உன் உடம்புக்கு ஒத்து வருதுங்கறதுதான் கேள்வி."

மில்டன் நடுவில் இருந்த பெரியதைத் தட்டினான். "இதுல என்ன கேள்வி? முந்நூத்தெட்டு ரகம், பெரிய குண்டு. எங்க பட்டாலும் பன்னி படுத்துரும். அண்ணி, இத எடுங்க."

"சொமக்கப் போறது நீயா, அவளா?"

"நான் நல்லதுக்குத்தானே சொல்றேன்."

"நல்லதுக்குச் சொல்றவன் காப்பியக் குடி. ரோசலி, இதக் கையில வாங்கு. அந்தச் சுவத்தப் பாத்து நீட்டிப் பிடி. நான் முப்பது எண்ணுவேன்."

பன்னிரண்டு எண்ணும்போதே குழல் தாழ ஆரம்பித்தது. பதினெட்டில் ரோசலி அதைக் கீழே வைத்தாள்.  தன் கையை வேறு யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்தாள்.

அடுத்து அவளாகவே ஓரத்திலிருந்த ஒன்றை எடுத்தாள். தோளில் பதியும் கட்டை மரத்தால் ஆனது, எர்வினின் பழைய துப்பாக்கியின் சாயல். வெர்னா அவள் முழங்கையை மடக்கச் சொல்லி, கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் பொருத்தி, விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்த்தாள். விரல் நுனி மட்டும் தொட்டது.

"கட்டை நீளம். உனக்கு ஒரு அங்குலம் கொறையணும். எர்வினோடதும் இப்படித்தான் இருந்திருக்கும், இல்ல?"

"அவரு ஆறடி ரெண்டங்குலம்."

"அதத்தான் முப்பது வருஷமா நீ தூக்கிட்டு அலைஞ்சியா?"

ரோசலி அதைத் துணிமேல் திருப்பி வைத்தாள். கறுப்பாக, பொம்மை மாதிரி லேசாக இருந்தது கடைசித் துப்பாக்கி. அதன் கட்டை குழாய்மேல் நகரும். வெர்னா அதை இரண்டு படி உள்ளே தள்ளிக் கொடுத்தாள். முப்பது எண்ணியும் குழல் அசையவில்லை. விரல் விசையில் வசமாக உட்கார்ந்தது.

"குண்டு சின்னது வெர்னாக்கா," என்று மில்டன் விடவில்லை. "எரநூறு பவுண்டு பன்னிக்கு இது கொசுக்கடி."

"காதுக்குப் பின்னால பட்டா கொசுக்கடியே போதும். பின்பக்கத்துல பட்டா பீரங்கியும் பத்தாது. ரோசலி, நீ சுட்டா குண்டு எங்க போகும்?"

"அது எங்க வேணும்னாலும் போகும்," என்று மில்டன் பழக்கத்தில் சொல்லிவிட்டான். அந்த வீட்டின் பழைய கேலி அது. ரோசலி சுடும்போது குறிப்பலகைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரலாம், அதுதான் பத்திரமான இடம் என்பார்கள். துப்பாக்கி சரியில்லை என்று அவள் ஒருமுறை சொன்னதற்கு, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. மில்டன் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தான்.

"ஒன்ன யாரு கேட்டா? ரோசலி, நீ சொல்லு."

"இடது பக்கம் போகும்."

"எப்பவுமேவா?"

"எப்பவும். அன்னைக்கும்." சொல்லிவிட்டு அவள் யோசித்தாள். "பன்னிக்கு இடது பக்கத்துச் சோளத்தட்டதான் முறிஞ்சு விழுந்துச்சு. பாத்தேன்."

வெர்னா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். கடைக்கோடிச் சுவரில் பாடம் செய்த மான்தலை ஒன்று மாட்டியிருந்தது. அதைக் காட்டினாள்.

"ரெண்டு கையையும் முன்னால நீட்டு. கட்டவிரலையும் மத்த விரலையும் சேத்து நடுவுல சின்ன ஓட்டை வை. ரெண்டு கண்ணும் தெறந்திருக்கட்டும். ஓட்டை வழியா அந்த மானோட மூக்கப் பாரு. தெரியுதா? இப்ப மூக்க விடாம, கைய மெதுவா மூஞ்சிக்கிட்டக் கொண்டா."

ரோசலி கொண்டுவந்தாள். கை நேராக இடது கண்ணில் வந்து நின்றது.

"இன்னொரு தடவ."

மறுபடியும் இடது கண்தான். மூன்றாவது முறையும் அதேதான். வெர்னாவின் முகத்தில் வம்புக்காரி காணாமல் போயிருந்தாள்.

"எந்தக் கையால எழுதுவ?"

"வலது."

"உன் கை வலது, கண்ணு இடது. நூத்துல முப்பது பேருக்கு இப்படி இருக்கும். நோயும் இல்ல, கொறையும் இல்ல. ஆனா துப்பாக்கிய வலது தோள்ல வச்சா, பாக்கற கண்ணு ஒரு பக்கம், குழல் ஒரு பக்கம். ஒரு கண்ண மூடிட்டு நிதானமாச் சுட்டாத் தப்பிச்சுக்கலாம். அவசரத்துல ரெண்டு கண்ணும் தெறந்துக்கும். குண்டு இடது பக்கம் போகும். யாரும் உன் கண்ணப் பாக்கலியா?"

"ரெண்டு கண்ணையும் தெறந்து வைன்னுதான் சொல்லிக் கொடுத்தாங்க," என்றாள் ரோசலி.

அவளுக்கு ஆற்றுமணல் ஞாபகம் வந்தது. கல்யாணமான முதல் வசந்தம். எர்வின் முதன்முதலாகத் துப்பாக்கியைக் கையில் கொடுத்தபோது அவள் யாரும் சொல்லாமலே அதை இடது தோளில்தான் வைத்தாள். அவன் சிரித்தான். எங்க வீட்டுல இடதுகைக்காரங்க யாரும் கெடையாது ரோசி, கைப்பிடி எந்தப் பக்கம் இருக்குன்னு பாரு என்று, துப்பாக்கியை எடுத்து வலது தோளில் வைத்து, அந்தத் தோளைத் தட்டிக் கொடுத்தான். கோபமாக இல்லை, ஆசையாகத்தான் செய்தான். எர்வினின் ஹவ்ரானெக் குடும்பத்தில் துப்பாக்கிக்கு ஆள் பொருந்துவதுதான் வழக்கம். ஆளுக்குத் துப்பாக்கியைப் பொருத்துவதை அங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை. அந்தக் கையின் சூடுகூட அவளுக்கு நினைவிருந்தது.

"வா, பின்னால போலாம்," என்றாள் வெர்னா.

கடைக்குப் பின்னால் மண்மேடு கட்டிய திடல். மூன்று பேரும் காதடைப்பு மாட்டிக்கொண்டார்கள். வெர்னா மேசைமேல் மணல்மூட்டையைப் போட்டு, கறுப்புத் துப்பாக்கியில் ஐந்து தோட்டா மட்டும் ஏற்றினாள். இடது தோளில் சுட்டால் காலிக் கூடு முகத்துக்குக் குறுக்கே பறக்கும், மரக்கட்டைத் துப்பாக்கி அப்படித்தான் துப்பும். இதில் கூடு வெளியேறும் வாய்க்குப் பின்னால் ஒரு மேடு இருக்கிறது, கூட்டை முன்னால் தட்டிவிடும் என்று காட்டினாள். பாதுகாப்பு விசையும் இரண்டு பக்கமும் இருந்தது. மில்டன் பெரியதைப் பற்றி மறுபேச்சு எடுக்கவில்லை.

ரோசலி துப்பாக்கியை இடது தோளில் வைத்தாள். விரல்கள் தடுமாறின. கன்னம் எங்கே சாய வேண்டும் என்று தெரியவில்லை. ஆனால் கண்ணுக்கு முன்னால் எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றது. முப்பது வருஷத்தில் ஒருநாளும் அப்படி நின்றதில்லை. அவள் சுட்டாள். விரலை விட்டு, மறுபடி இழுத்தாள். எதையும் பிடித்து இழுக்க வேண்டியிருக்கவில்லை. ஐந்தும் தீர்ந்தது.

வெர்னா விந்தி விந்திப் போய்க் காகிதத்தைக் கிழித்து வந்தாள். ஐந்து ஓட்டையையும் ஒரு காப்பித் தட்டால் மூடிவிடலாம்.

"இது எவ்வளவு தூரம்?" என்று ரோசலி கேட்டாள்.

"அம்பது கஜம்."

"அன்னைக்குப் பத்து."

 கூடம் நிஜமாகவே கோணலாகத்தான் இருந்திருக்கிறது.

உள்ளே வந்ததும் வெர்னா பேனாவை நீட்டினாள். புதுத் துப்பாக்கி வாங்கியவர் அதில் முதலில் சுட்ட காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கடைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போவது அந்த ஊர் வழக்கம். சுவர் முழுக்கக் காகிதங்கள். மூன்றாவது வரிசையில் மஞ்சளாகிப்போன ஒன்றில் எர்வின் ஹவ்ரானெக் என்று கோணல் எழுத்து. ரோசலி அதைப் பார்த்தாள். தன் காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

மில்டன் தொப்பியைக் கழற்றி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் சிவந்திருந்தது.

"அண்ணி, எந்தக் கிறுக்கன் உங்களுக்கு வலது தோள்ல வைக்கச் சொல்லிக் கொடுத்தான்?"

அவன் நிஜமாகவே கேட்டான். அவனுக்குத் தெரியவில்லை. ஆற்றுமணலில் அன்று அவர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள். இப்போது ஒருத்திதான் இருக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பதினான்கு மாதம் அவள் சுமந்ததை இறக்கி, அந்தக் கோணல் எழுத்தின்மேல் வைத்துவிடலாம்.

"யாரும் சொல்லல மில்டன். நானாத்தான் வச்சுப் பழகிட்டேன்," என்றாள்.

வெர்னா அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அந்த வட்டாரத்துப் பெண்டாட்டிகள் யாரிடம் சுடக் கற்றுக்கொள்வார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா? வாயைத் திறக்காமல் படிவத்தை எடுத்து வைத்தாள். பெயர், முகவரி, பிறந்த தேதி. வெர்னா அரசாங்க அலுவலகத்துக்குப் போனில் விவரம் சொல்லி, விற்கத் தடையில்லை என்று சரிபார்க்கும்வரை மில்டன் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

வண்டியில் ஏறியதும் அவன் சாவியைத் திருகவில்லை.

"பதினாலு மாசமா நான்..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் நிறுத்தினான். பிறகு, "ஞாயித்துக்கெழம சாப்பிட வரட்டுமா?" என்றான்.

"வா. பீன்ஸ் கிடக்கு. புகை போட்ட சாசேஜும் இருக்கு."

வண்டி சோளக்காடுகளுக்கு நடுவே ஓடியது. ரோசலிக்கு இடது தோள் வலித்தது, உதை பட்ட இடத்தில், லேசாக. அந்த வலியைத் தொட்டபடியே அவள் அமர்ந்திருந்தாள். அதன் கீழே வேறொன்று கிளம்பி மேலே வந்தது. கோபம். அந்த ஆறடி இரண்டங்குலத்தின்மேல், அந்தச் சிரிப்பின்மேல், தோளைத் தட்டிக் கொடுத்த அந்தச் சூடான கையின்மேல், தாங்க முடியாத கோபம். அதோடு சேர்ந்து கண்ணும் நிறைந்துவிட்டது.

"அடப்பாவி. கிறுக்குப் பயலே," என்றாள் வாய்விட்டு.

மில்டன் திடுக்கிட்டுத் திரும்பினான். "யார அண்ணி திட்டுறீங்க?"

அவள் புறங்கையால் கன்னத்தைத் துடைத்தாள்.

"பன்னியத்தான்."