கடலுக்குப் போகாதவன்

யோசெப்பினுக்குக் கோபம் வந்தால் உள்ளே இருக்கிற கொட்டாஞ்சேனைக்காரி வெளியே வந்துவிடுவாள். அதனால், வெள்ளவத்தையில் சேலைக்கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் போட்ட நாளிலிருந்து அவள் வாயை அடக்கப் பழகியிருந்தாள். பெரும்பாலும் வருவது மாப்பிள்ளை விசாரிக்கும் வேலைதான். அதில் கோபத்தைவிடச் சிரிப்புத்தான் வரும்.

பஹ்மியா கொண்டுவந்தது வேறு விஷயம். அவள் நானா என்று கூப்பிடும் அண்ணன் இன்ஸாப், கடலோரம் எழும்பும் ஹோட்டல் கட்டடத்தில் வேலை செய்தவன், போன கிழமை கரையில் பிணமாக ஒதுங்கினான். குளிக்கப் போய் மூழ்கிவிட்டான் என்று பொலிஸ் முடித்துவிட்டது. உடம்பில் இருந்த காயமெல்லாம் பாறை அடித்ததாம்.

"நானாக்குக் கடலெண்டா பயம் மிஸ். காலக்கூட நனைக்க மாட்டார்," என்றாள் பஹ்மியா.

யோசெப்பின் ஒப்பந்தக்காரர் ஆனந்தகிருஷ்ணனைப் போய்ப் பார்த்தாள். மனிதர் உருகிப்போனார்.

"நான்தான் மேடம் அன்னைக்குப் பகல் சோத்துப் பார்சல் வாங்கிக் குடுத்தேன். என் கண்ணு முன்னாலதான் சாப்பிட்டான். வயிறு முட்டத் தின்னுட்டுக் கடல்ல எறங்கினா யாருக்கும் பிடிச்சுக்கும்ல?"

பிரேதப் பரிசோதனை என்று உடலை வெட்டாமல், அன்றே அடக்கம் செய்ய எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். பஹ்மியாவின் குடும்பமே அவருக்கு நன்றி சொல்லியிருந்தது. யோசெப்பினும் முக்கால்வாசி நம்பிவிட்டாள்.

மறுநாள் அதைச் சொல்லப் பஹ்மியாவைக் கூப்பிட்டு, பக்கத்துத் தேநீர்க் கடையில் தேநீர் எடுப்பித்தாள். பஹ்மியா கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"நோன்பு மிஸ்."

"நோன்புப் பெருநாள் முடிஞ்சுதே?"

"பெருநாளைக்குப் பொறகும் ஆறு நோன்பு பிடிக்கிற. நானும் நானாவும் ஒண்டாத்தான் தொடங்கின. மௌத்தான அண்டைக்கும் அவர விடிய முந்தி சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பினது நான்தான்."

"இத பொலிஸ்ல சொன்னீங்களா?"

"எங்கிட்ட ஆரும் ஒண்டும் கேக்கல்லயே."

ஒருத்தன் செத்துப்போகிறான். அன்று அவன் என்ன சாப்பிட்டான் என்று முதலாளியிடம் கேட்கிறார்கள், கூடப் பிறந்தவளிடம் கேட்க ஒரு நாதியில்லை! யோசெப்பினுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பஹ்மியாவையும் கூட்டிக்கொண்டு நேரே கட்டடத்துக்குப் போனாள். வேலையாட்கள் எல்லோரும் கேட்கும்படி கத்தினாள்.

"இன்ஸாப் அண்டைக்கு நோன்பு! அவன் எப்பிடி உங்கட பார்சலச் சாப்பிட்டவன்?"

"நோன்பா?" ஆனந்தகிருஷ்ணன் சிரிக்கப் பார்த்தார். "பெருநாள்தான் முடிஞ்சிருச்சே மேடம்! எங்க வீட்டுக்கே வட்டிலப்பம் கொண்டாந்து குடுத்தானே!"

"அந்த வட்டிலப்பத்தத் திண்ட வாயாலயா இந்தப் பொய்யச் சொன்னீங்க?"

சீமெந்து குழைத்துக்கொண்டிருந்த ஜனா மண்வெட்டியை எறிந்தான்.

"அவன் தண்ணிகூடக் குடிக்கல்ல மிஸ். தலை சுத்துது, சேப்டி பெல்ட் தாங்க எண்டு கேட்டவன். இவர் குடுக்கல்ல. ஆறாம் மாடியில இருந்து விழுந்துட்டான். இருட்டினாப் பொறகு எங்களத்தான் தூக்கச் சொன்னவர். றெயில் பாதையத் தாண்டிக் கொண்டுபோய்க் கடல்ல போட்டம். வேலை போயிடும் எண்டு நாங்களும் வாய மூடிட்டம்."

பஹ்மியா அழவில்லை. ஆனந்தகிருஷ்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெட்டாம எடுத்துத் தந்த மனிசன் எண்டு, வீட்டுல எல்லாரும் ஒண்டா இரிந்து இவருக்குத் துஆ கேட்ட மிஸ்," என்றாள்.

யோசெப்பின் கட்டடத்து வாசல் கேற்றை இழுத்துச் சாத்தினாள். அதற்கு முன்னால் நின்றுகொண்டு பொலிஸுக்குப் போன் எடுத்தாள்.