ஓட ஓட ஏறிய முள்

எந்த வண்டி இருமினாலும் எங்கே சளி என்று காதாலேயே கண்டுபிடித்துவிடுவார் மெக்கானிக். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் தூக்கலாகவே உண்டு. அதனால்தான் தங்கை புருஷன் பட்டறைக்கு வந்து முறையிட்டபோது, காதைக் கொடுக்காமல் வாயை விட்டார்.

"மச்சான், பின் டேங்க்குல ஓட்டுறப்ப முன் டேங்க் முள்ளு ஏறுது. ஓட ஓட ஏறுது."

"பெட்ரோல் குட்டி போடுது போல மாப்பிள்ளை. எனக்கும் ரெண்டு குட்டி எடுத்து வைங்க."

பட்டறையே சிரித்தது. மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை.

அவருக்கு நில அளவை அலுவலகத்தில் ஓட்டுநர் வேலை. நாலு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டி. அதற்கு இரண்டு டேங்க், ஒவ்வொன்றிலும் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட ஒரு முள். எதிலிருந்து பெட்ரோல் எடுப்பது என்று மாற்ற சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு திருகு. மூன்று மாதத்துக்கு முன் அதன் கிழட்டு எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்திக் கொடுத்தவர் மெக்கானிக்தான். அதற்குப் பிறகுதான் வம்பு வந்தது. ஒவ்வொரு முறை மலைக்குப் போய் வரும்போதும் பெட்ரோல் கணக்கில் பத்து, பதினைந்து லிட்டர் குறைந்தது.

வண்டி எங்காவது கசிகிறதா என்று அலுவலகம் மெக்கானிக்கிடம் எழுத்தில் கேட்டது. அவர் வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து ஒரு நாள் முழுக்க நிறுத்திப் பார்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. 'எங்கும் கசிவு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாப்பிள்ளையிடமிருந்து சாவியைப் பிடுங்கி, அவரைக் கோப்பு அறையில் உட்கார வைத்தார்கள். வேறொரு ஓட்டுநர் இரண்டு வாரம் ஓட்டினார். ஒரு லிட்டர்கூடக் குறையவில்லை. மாப்பிள்ளைதான் திருடினார் என்பதற்கு அதற்குமேல் சாட்சி எதற்கு? திங்கட்கிழமை வேலைநீக்க உத்தரவு என்று பேச்சு.

தங்கை அண்ணனிடம் வந்து நேராகவே கேட்டாள். "சொல்லுண்ணே. அவர் எடுத்தாரா?"

"வண்டி பொய் சொல்லாது தங்கச்சி" என்றார் அவர். அன்று அவருக்கு அது நியாயமான பேச்சாகத்தான் பட்டது.

சனிக்கிழமை காலை அதே வண்டி பிரேக் வேலைக்கு வந்தது. வேலை முடிந்ததும் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார். முன் டேங்க் முக்கால், பின் டேங்க் நிறைய. மாப்பிள்ளை சொன்னது பச்சைப் பொய் என்று ஒரேயடியாகத் தெரிந்துகொண்டால் மனசு ஆறும் என்று தோன்றியது. திருகைப் பின் டேங்க் பக்கம் திருப்பினார்.

ஏழாவது மைலில் முன் டேங்க் முள் முக்காலைத் தாண்டியது. அவர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். முள் இறங்கவில்லை. இருபதாவது மைலில் நிறைந்து நின்றது. இன்னும் கொஞ்சம் போனதும் பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது. நிறுத்தி, குனிந்து பார்த்தார். முன் டேங்க்கில் காற்று போக வைத்த மூச்சுக்குழாய் வழியாகப் பெட்ரோல் சாலையில் ஒழுகிக்கொண்டிருந்தது. எஞ்சினை அணைத்தார். ஒழுக்கும் நின்றது.

பழைய எஞ்சினின் பம்ப், எஞ்சின் குடிக்கிற அளவுக்குத்தான் இறைக்கும். புதிதாக அவர் போட்ட மின்சார பம்ப் அப்படி இல்லை. அது எப்போதும் கூடுதலாகத் தள்ளும், மிச்சம் ரிட்டர்ன் குழாயில் டேங்க்குக்குத் திரும்பும். எடுத்த டேங்க்குக்கே திரும்ப வேண்டும் என்றால், திருகு இரண்டு குழாயையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய திருகுக்கு மாற்றத் தெரிந்தது ஒரு குழாயை மட்டும். அவர் அதை அப்படியே விட்டுவிட்டு, ரிட்டர்னை முன் டேங்க்கில் சொருகிவிட்டார். எது கிட்டத்தில் இருந்ததோ அதில் சொருகினார், அவ்வளவுதான்.

மற்ற ஓட்டுநர் முதலில் முன் டேங்க்கைக் காலி செய்வார். அதனால் திரும்பி வரும் பெட்ரோலுக்கு அதில் இடம் இருந்தது, வழியவில்லை. மாப்பிள்ளையோ ஏற்றத்தில் பின்பாரம் குறையட்டும் என்று, முன் டேங்க் நிறைந்திருக்கப் பின்னால் இருப்பதை முதலில் செலவழிப்பார். பார்த்துப் பார்த்து ஓட்டியவருக்குத்தான் திருட்டுப் பட்டம்.

மதியமே அலுவலகத்துக்குப் போனார். மேலாளர் நல்ல மாதிரி. "மெஷின் கோளாறுன்னு போட்டுடலாம். உங்க பேர் எதுக்கு?" என்றார்.

"கோளாறு மெஷின்ல இல்லைங்க. என் கையில" என்று சொல்லிவிட்டு, தான் எதைத் தப்பாக மாட்டினார் என்பதை முழுசாக எழுதினார். மேலாளர் அதில் முத்திரை குத்தி நகல் ஒன்றைக் கொடுத்தார். அலுவலக வண்டி எதுவும் இனி அவர் பட்டறைக்கு வராது என்பது இருவருக்குமே தெரியும்.

தங்கை வீட்டில் மாப்பிள்ளை கூடத்தில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தங்கை அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். இருவரும் பேசிக்கொள்ளாமல் பல நாள் ஆகியிருந்தது வீட்டுக்குள் நுழைந்ததுமே தெரிந்தது. மெக்கானிக்கால் உட்கார முடியவில்லை.

"மாப்பிள்ளை, தப்பு என்னுது. நீங்க சொன்னது அத்தனையும் உண்மை. எழுதிக் குடுத்துட்டேன். திங்கக்கிழமை சாவி உங்க கைக்கு வந்துடும்" என்று காகிதத்தை நீட்டினார்.

மாப்பிள்ளை அதை வாங்கவில்லை. தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"எனக்கு எதுக்கு மச்சான்? நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியும். உங்க தங்கச்சிகிட்ட குடுங்க."