கதிராசியின் முறை

இப்போது அந்த ஓடைக்குக் குறுக்கே சீமெந்துப் பாலம் போட்டாகிவிட்டது. கிளிநொச்சி பஸ் அதன்மேல் ஏறி இறங்குவது ஒரு குலுக்கலோடு முடிந்துவிடும். அந்தக் குலுக்கலுக்காகவே இரஞ்சிதம் யன்னல் பக்கமாக இருப்பாள். கீழே மாரித் தண்ணீர் சேற்று நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடும். பார்த்த உடனேயே ஈரச்சேலை மணமும் அம்மாவின் தோள் எலும்பு நெஞ்சில் குத்துகிற நோவும் வந்துவிடும். நோவுதான், ஆனால் இன்னொருக்கால் கிடைக்காதா என்றிருக்கும்.

அந்த நாளில் மூன்றாம் வாய்க்கால் குடியேற்றத்தில் இருந்து பள்ளிக்கூடம் போவதென்றால் இரண்டு கட்டைத் தூரம் காட்டுப்பாதை. யானை நிற்கும். காடு வெட்டிக் குடியேறிய சனம் அதற்கு ஒரு முறை வைத்திருந்தது. வயலுக்குத் தண்ணீர் விடுகிற மாதிரித்தான், நாளுக்கு ஒரு வீடு. முறைக்காரர் விடிய வீட்டு வாசல் படலை படலையாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சேர்த்து, பழைய மண்ணெண்ணெய்த் தகரத்தை அடித்துக்கொண்டு முன்னால் நடப்பார். மாரியில் ஓடை பெருகினால் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அக்கரையில் விடுவார்.

வாய்க்காலின் கடைசியில், தண்ணீர் வந்து சேருமுன் வற்றிப்போகிற இடத்தில் இருந்த ஏரம்புவின் வீட்டுக்கு அந்த முறை இல்லை. ஏரம்புவும் பெண்சாதி கதிராசியும் மற்றவர்களோடு நின்று காடு வெட்டியவர்கள்தான். ஆனால் சாதி வேறு. அவர்களுடைய மகள் இரஞ்சிதம் தகரச் சத்தம் கேட்கிற தூரத்தில் பின்னால் நடந்து வரலாம். அதை ஒருவரும் தடுக்கவில்லை. ஓடை பெருகினால் மட்டும் அவளைத் தூக்க ஆள் இல்லை. தொட்டுத் தூக்க வேண்டுமே. மற்றப் பிள்ளைகள் அக்கரையில் ஏறிப் போவதைப் பார்த்துவிட்டு அவள் திரும்பி வருவாள்.

போன மாரி முழுக்க அப்படிப் போனதில் அவளை அதே வகுப்பில் விட்டுவிட்டார்கள்.

"இந்த முறையும் வகுப்பிலை மறிபட்டா நிப்பாட்டிப் போடுவன்," என்று ஏரம்பு சொல்லிவிட்டான். "வந்து புல்லுப் பிடுங்கட்டும். பிடுங்கிற புல்லுக்காவது கூலி வரும்."

மழை பிடித்த முதல் கிழமையே கதிராசி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மகளோடு ஓடைக்கு வந்தாள். நெல்மூட்டை சுமந்து பழகிய உடம்பு.

அன்றைக்கு விமலேஸ்வரியின் முறை. புருசனுக்குக் காய்ச்சல் என்று அவளே வந்திருந்தாள். முழங்காலளவு தண்ணீரில் இறங்கியவள் உடனே கரையேறிவிட்டாள்.

"எடி கதிராசி, தண்ணி ஆளை இழுக்குதடி! இண்டைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம். எல்லாரும் திரும்புவம்."

"நீங்கள் திரும்புங்கோ நாச்சியார். என்ரை பிள்ளைக்கு இண்டைக்குப் பள்ளிக்கூடம் இருக்கு."

மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினாள். அக்கரையில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது, விமலேஸ்வரியின் கடைக்குட்டி ஜெகதீஸ்வரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றது.

"என்னையும் தூக்குங்கோ!"

"கொம்மா ஏசுவா பிள்ளை."

"அம்மா ஏசேல்லையே. சும்மாதானே நிக்கிறா."

விமலேஸ்வரி காட்டுப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். யானை நிற்கிறதா என்று பார்த்த பார்வை இல்லை அது.

"கெதியாத் தூக்கு. ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதை."

"நான் சொல்லமாட்டன். இத்தனை பிள்ளையளின்ரை வாயை ஆர் கட்டுறது நாச்சியார்?"

ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சேர்த்தாள். பயத்தில் துள்ளியவற்றை, "சனியன்களே, கழுத்தை இறுக்கிப் பிடியுங்கோ" என்று ஏசித் தூக்கினாள். அவளுடைய ஏச்சுக்குப் பிள்ளைகள் சிரித்தன.

பொழுதுபடுமுன் கதை வாய்க்கால் முழுக்கப் பரவிவிட்டது. பிள்ளைகளைக் குளிப்பாட்டி எடுக்கவேண்டும் என்று யாரோ சொன்னார்கள்.

"விடியத் துடங்கி ஓடைத் தண்ணிக்கை ஊறினதுகள்," என்றாள் விமலேஸ்வரி. "இன்னும் என்னத்தைக் குளிப்பாட்டுறது?"

அடுத்தநாள் பின்நேரம் வீரகத்தி வந்தார். முறை பார்க்கிற பெரிய மனுசர் அவர். ஆள் உள்ளே வரவில்லை. கடகத்தில் நெல் கொண்டுவந்து படலைக்கு வெளியே வைத்துவிட்டு நின்றார்.

"மாரி முடியுமட்டும் நீயே தூக்கிவிடு. கிழமைக்குக் கிழமை நெல்லுத் தாறம். பாவம், உங்களுக்கும் உதவிதானே."

குசினிக்குள் அன்றைக்கு அவிந்துகொண்டிருந்தது வெறும் மரவள்ளி. இரஞ்சிதம் கடகத்தையே பார்த்தாள். ஏரம்பு ஒரு அடி முன்னால் வைத்துவிட்டான்.

"நெல்லைக் கொண்டுபோங்கோ கமக்காரர்," என்றாள் கதிராசி. "எனக்கு முறை தாங்கோ."

"முறையோ? அது குடியேறின ஆக்களுக்கெல்லோ."

"ஏன், நாங்கள் மரத்திலை தொங்கிறமோ? கூலிக்குத் தூக்கினா தண்ணி வத்தினவுடனை என்னையும் வேண்டாமெண்டுவியள், என்ரை பிள்ளையையும் பின்னுக்கு வா எண்டுவியள். முறை எண்டா வெய்யிலுக்கும் நான் வருவன்."

வீரகத்தி கடகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். ஏரம்பு தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தான்.

"உனக்கு விசரடி. வந்த சோத்தைக் காலாலை தள்ளிப்போட்டாய்."

"ஓம், விசர்தான். பசிச்சா என்னைத் தின்."

பிறகு வந்த நாட்களில் மழை விடவேயில்லை, முந்தின மாரிகளைவிட ஓடை பெருகி ஓடியது. கதிராசி தன் மகளை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடையைக் கடந்தாள். அவளுக்கும் தகரம் ஒன்று கிடைத்தது. தாயும் மகளுமாக அடித்துக்கொண்டு போனார்கள். ஆளில்லாக் காட்டில் அந்தச் சத்தம் அவர்களுக்கே பயமாக இருக்கும். பயம் தெளிய அம்மா வீரகத்தி நடப்பதுபோல வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து காட்டுவாள். இரஞ்சிதம் சிரித்துச் சிரித்து நடக்கமாட்டாமல் நிற்பாள். வேறு எந்த நாளும் அம்மாவை அவள் அவ்வளவு நேரம் தனியாக வைத்திருந்ததில்லை.

மற்றப் பிள்ளைகள் வீட்டில் கிடந்தன. விதைப்பு நேரம், ஆம்பிளைகளுக்கு வயலை விட்டுவர ஏலாது. ஒருநாள் துணிந்து தூக்கிய ஒருவர் பிள்ளையோடு விழுந்து எழும்பினார். விமலேஸ்வரிதான் வீரகத்தியின் வீட்டு வாசலில் நின்று கத்தினாளாம்: "உங்களுக்குப் பிள்ளையள் வளந்திட்டுது. என்ரை சின்னனைத் தண்ணியிலை குடுக்கச் சொல்லுறியளோ?"

வீரகத்தி திரும்பவும் வந்தார். இந்தமுறை கையில் நெல் இல்லை.

"சரி, நாளைக்கு உன்ரை முறை. மற்றவை மாதிரித்தான், மாறி மாறி வரும். ஓடை பெருகினா ஆரின்ரை முறையெண்டாலும் நீ கூட வந்து கைகுடுக்க வேணும். ஆனா ஒண்டு. பள்ளிக்கூட வாசலோடை நிண்டிடு. உள்ளுக்கை போகாதை."

"சரி," என்றாள் கதிராசி. அவளுக்கு உள்ளே என்ன வேலை?

மறுநாள் அம்மா படலை படலையாகப் போனாள். "எடியே, சீப்பாலை தலை இழுத்தது காணும், வெளிக்கிடு!" என்று பெரிய வீட்டுப் பிள்ளைகளை அதட்டினாள். இரஞ்சிதம் முதல்தடவையாகக் கூட்டத்துக்கு நடுவே நடந்தாள்.

ஓடை நெஞ்சளவு ஓடியது. கடைசியாகத் தூக்கிய ஜெகதீஸ்வரி கரையேறியும் இறங்கவில்லை. குளிரில் நடுங்கிக்கொண்டு கழுத்தைக் கட்டிப்பிடித்தபடியே பள்ளிக்கூடம்வரை வந்தது. வாசலில் அதன் கையைக் கழற்றிப் பார்த்தாள், முடியவில்லை. அதனால் கதிராசி உள்ளே போனாள்.

ஓலைக் கொட்டில், பிள்ளைகள் இருக்க நீள மரவாங்குகள், முன்னால் பரமலிங்கம் வாத்தியார். குழந்தையை வாங்கில் இருத்திவிட்டு நிமிர்ந்தபோதுதான் மகளைக் கண்டாள். கடைசி மூலையில், ஈர மண்ணில், சாக்கைப் போட்டுக்கொண்டு இரஞ்சிதம் இருந்தாள். இரண்டு வருசமாக அங்கேதான். வீட்டில் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"சரி, நீ போ," என்றார் வாத்தியார்.

"போறன் வாத்தியார். எல்லாரும் இருக்கட்டும்."

"இருந்திட்டினம்தானே?"

"ஒண்டு நிலத்திலை கிடக்கு."

இரஞ்சிதத்துக்கு நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் போதும் என்றிருந்தது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனுசர் இல்லை. பயந்த மனுசர்.

"வாங்கிலை இடமில்லை," என்றார்.

கதிராசி அவரைப் பார்க்கவில்லை. சேலையில் இருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, ஓடையில் ஏசிய அதே குரலில் வாங்கைப் பார்த்துச் சொன்னாள்:

"தள்ளியிருங்கோ பிள்ளையள்."

பிள்ளைகள் தள்ளின. யோசித்துத் தள்ளவில்லை, அந்தக் குரலுக்கு உடம்பு பழகியிருந்தது. ஜெகதீஸ்வரிக்குப் பக்கத்தில் ஒரு சாண் இடம் வந்தது. வாத்தியார் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு வீட்டுக்காரர் தைப்பொங்கல்வரை பிள்ளைகளை அனுப்பவில்லை. வீரகத்தி வழியில் கண்டால் முகத்தைத் திருப்பினார். அதெல்லாம் பிறகு.

அன்றைக்கு இரஞ்சிதம் எழும்பிப் போய் அந்த இடத்தில் ஒடுங்கி இருந்தாள். வாங்கு ஆடியது, கால் நிலத்துக்கு எட்டவில்லை. முன்னால் கரும்பலகையில் வாத்தியார் எழுதிய பெருக்கல் கணக்கு இருந்தது. மூலையில் இருந்து பார்க்கும்போது மற்றவர்களின் முதுகு மறைத்துவிடுகிற அடிவரியும் தெரிந்தது. சுகமாகச் செய்யக்கூடிய கணக்குத்தான். அவள் சிலேற்றை மடியில் எடுத்து வைத்துச் செய்யத் தொடங்கினாள்.